மூன்று ஆண்டில் எத்தனை அறுவடை?

கேள்வி: சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு ஆறு வருடமாக ஒரு ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மண், நீர் மாதிரி எடுப்பது, ஆய்வகத்துக்கு அனுப்புவது, வரும் எண்களை வைத்து அறிக்கை எழுதுவது, இதுதான் வேலை. வயது 32. புதுப்பிக்கத்தக்க வளங்கள், சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் பிஎச்.டி. செய்ய இரண்டு இடங்களில் வாய்ப்பு வந்திருக்கிறது. ஒன்று பெரிய, பேர்பெற்ற குழு. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காடுகளின் உயிர்த்திரளைக் கணக்கிடும் திட்டம்; தலைப்பு முதல் அட்டவணை வரை எல்லாம் அவர்களே முடிவுசெய்து வைத்திருக்கிறார்கள்; நான்கு ஆண்டு உதவித்தொகை. இன்னொன்று சிறிய குழு. நெறியாளர் என் விருப்பத் தலைப்பையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், ஆனால் மூன்று ஆண்டுக்குத்தான் பணம். என் தலைப்பு: பயிர் நிலத்தில் எரிபொருளுக்காக வில்லோ மரம் வளர்த்தால் மண்ணில் கார்பன் கூடுகிறதா? ஒரு பக்கத் திட்டத்தை இணைத்திருக்கிறேன். எதை எடுப்பது? இந்த வயதில் ஆரம்பிக்கலாமா? முடித்தால் வேலை கிடைக்குமா? புள்ளியியல் என்றாலே எனக்குக் கொஞ்சம் உதறல். ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். கேள்வி நல்ல கேள்வி. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில் அதை மூன்று ஆண்டில் முடிக்க முடியாது. எந்த நெறியாளர், எந்த வேலை என்பதையெல்லாம் அப்புறம் பார்ப்போம். முதலில் இதைப் பேசிவிடலாம், ஏனென்றால் மற்றக் கேள்விகளுக்கான பதில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹெக்டேர் மண்ணில் எத்தனை டன் கார்பன் இருக்கிறது என்று கணக்கிட மூன்று எண்கள் வேண்டும்: கார்பன் சதவீதம், மண்ணின் பரும அடர்த்தி, ஆழம். கார்பன் 2 சதவீதம், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம், ஆழம் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 78. அதாவது ஹெக்டேருக்கு 78 டன். இனி இது ஆண்டுக்கு எவ்வளவு கூடும்? 2015-ல் பாரிஸ் பருவநிலை மாநாட்டை ஒட்டி ஒரு முன்முயற்சி தொடங்கப்பட்டது. மண் கார்பன் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு நான்கு பங்கு வீதம் கூடட்டும் என்பது அதன் குறிக்கோள். அதுவே பெரிய ஆசை என்று விமர்சித்தவர்கள் உண்டு. அந்த வேகம் உங்கள் நிலத்தில் அப்படியே நடந்தாலும், 78 டன்னுக்கு ஆண்டுக்கு 0.31 டன். மூன்று ஆண்டில் ஒரு டன்கூட நிறையாது.

இப்போது அடர்த்தியை மட்டும் 1.3-லிருந்து 1.2 ஆக மாற்றிப் பெருக்கிப் பாருங்கள். 72 வரும். ஆறு டன் வித்தியாசம்! ஈர மண்ணில் ஒரு கனமான இயந்திரம் ஓடினால் அடர்த்தி அவ்வளவு மாறிவிடும். நீங்கள் தேடுவது ஒரு டன், அளவையில் ஏற்படும் ஆட்டம் ஆறு டன். வைக்கோல் போரில் ஊசி தேடுகிறோம், அந்தப் போரும் காற்றில் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். ஒரே வயலுக்குள் இடத்துக்கு இடம் கார்பன் அளவு மாறும். அந்த மாறுபாட்டின் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவு, 10 டன் என்று கொண்டால் (78 டன்னில் 10 என்பது ஒன்றும் மிகையான ஊகமில்லை), ஒரு டன் வித்தியாசத்தை நம்பகமாகக் கண்டுபிடிக்க எத்தனை மாதிரி வேண்டும்? புள்ளியியலில் ஒரு கைக்கணக்கு உண்டு: திட்ட விலக்கத்தைத் தேடும் வித்தியாசத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 16-ஆல் பெருக்கு. பத்தின் வர்க்கம் 100, பெருக்கினால் 1,600. வில்லோவுக்கு 1,600, பயிருக்கு 1,600. ஆரம்பத்தில் எடுத்த அதே புள்ளிகளுக்குத் திரும்பிப் போய் எடுத்தால் எண்ணிக்கை நன்றாகவே குறையும். குறைந்தாலும் உங்கள் திட்டத்தில் எழுதியிருக்கும் 40-க்கு அது வராது.

போதாக்குறைக்கு, நீங்கள் எடுத்திருக்கும் மரம் வில்லோ. நட்ட முதல் ஆண்டு முடிவில் தரையோடு வெட்டிவிட்டுத் துளிர்க்க விடுவார்கள். அதன் பிறகு ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அறுவடை. உங்கள் உதவித்தொகை முடியும் மாதத்தில் முதல் அறுவடையே நடந்திருக்காது. நீங்கள் ஆய்வேடு எழுதப்போவது, கடைசிவரை முழுதாகப் பார்த்திராத ஒரு பயிரைப் பற்றி.

இதையெல்லாம் எழுதுவது உங்களைக் கலைத்துவிட அல்ல. இந்தத் துறையில் பிஎச்.டி. என்று வரும் யாருக்கும் நான் முதலில் கொடுக்கும் வீட்டுப்பாடம் ஒன்று உண்டு: உதவித்தொகை எத்தனை வருடம் என்பதை விட்டுவிட்டு, கையில் எத்தனை பருவம் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள் என்பேன். முதல் ஆண்டு பாடங்களிலும், வாசிப்பிலும், நிலத்துக்குள் நுழைய அனுமதி வாங்குவதிலும், கருவியைப் பழகுவதிலும் போய்விடும். கடைசி ஆண்டு எழுத்துக்கு. நடுவில் நிற்பது ஒரு பருவம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றரை. வேதியியல் ஆய்வகத்தில் இருப்பவர் திங்கட்கிழமை சோதனை சொதப்பினால் செவ்வாய்க்கிழமை திரும்பச் செய்வார். நமக்குச் சொதப்பினால் அடுத்த செவ்வாய் பன்னிரண்டு மாதம் தள்ளி வரும்.

நான் அப்படி ஒரு செவ்வாய்க்காகக் காத்திருந்தவன்தான். என் முதல் பருவத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட மண் மாதிரிகளைத் துளைத்து எடுத்தேன். உலர்த்தி, சலித்து, அரைத்து, எல்லாவற்றுக்கும் கார்பன் சதவீதம் வந்துவிட்டது. வரைபடம் அழகாக இருந்தது. துறைக் கூட்டத்தில் காட்டிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் நீரியல் படித்த ஒருவர் கையைத் தூக்கி, "அடர்த்தி எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். நான் எடுத்திருக்கவில்லை. ஐந்து சென்டிமீட்டர் உயரம், ஐந்து சென்டிமீட்டர் விட்டம் உள்ள ஒரு இரும்பு வளையத்தை மண்ணில் இறக்கி, உள்ளே நிற்கும் ஏறக்குறைய நூறு கன சென்டிமீட்டர் மண்ணை 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி நிறுத்துப் பார்க்கிற வேலை, அவ்வளவுதான். நினைவிருந்தால் ஒவ்வொரு குழியிலும் ஐந்து நிமிடம் கூட ஆகியிருக்கும். வளையத்தை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடியபோது நிலத்தை உழுதிருந்தார்கள். உழுத மண்ணின் அடர்த்தி, நான் மாதிரி எடுத்தபோது இருந்த அடர்த்தி இல்லை. அந்தப் பருவம் முழுக்க ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒரு அட்டவணையாகப் போய் உட்கார்ந்தது. யாரையும் குறை சொல்ல வழியில்லை. கருவிப்பெட்டியில் அந்த வளையம் இருந்தது. எடுத்து இறக்காதவன் நான்.

சரி, உங்கள் கேள்வியை என்ன செய்யலாம்? எனக்கு மூன்று வழி தெரிகிறது.

முதல் வழி, காலத்தைக் கடன் வாங்குவது. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட்டில் பிராட்பாக் என்றொரு வயல் இருக்கிறது. 1843-லிருந்து அங்கே கோதுமைச் சோதனை நடந்துவருகிறது. எடுத்த பழைய மாதிரிகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு வயதான சோதனை உங்களுக்குக் கிடைக்காது, வேண்டியதும் இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் யாரோ ஒருவர் வில்லோ நட்டு, நடும் முன் மண் எடுத்து, மீதியைப் பொட்டலம் கட்டி வைத்திருந்தால் போதும். அதே புள்ளிகளில் நீங்கள் மறுபடி எடுக்கிறீர்கள், பழைய மண்ணையும் புதிய மண்ணையும் ஒரே கருவியில் ஒரே வாரத்தில் அளக்கிறீர்கள். மூன்று ஆண்டு பிஎச்.டி.க்குள் பதினைந்து ஆண்டு மாற்றம் வந்துவிட்டது. ஆகவே நெறியாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உங்களிடம் பழைய மண் இருக்கிறதா?" என்பதுதான். இதைக் கேட்டவுடன் நல்ல மண் விஞ்ஞானியின் முகம் மலரும். நிலவறைக்கே கூட்டிப்போய்க் காட்டுவார்.

இரண்டாவது வழி, காலத்துக்குப் பதிலாக இடத்தை வைப்பது. இரண்டு வயது, ஐந்து வயது, பத்து வயது, இருபது வயது தோட்டங்களை ஒரே சமயத்தில் அளந்து, அவற்றை ஒரே தோட்டத்தின் வளர்ச்சிப் படிகளாகப் படிப்பது. நிறையப் பேர் செய்வது இது. இதில் ஒரு பள்ளம் உண்டு, நிறையப் பேர் விழுவதும் அதில்தான். இருபது ஆண்டுக்கு முன் மரம் நட்டவர் எந்த நிலத்தில் நட்டிருப்பார்? நன்றாக விளைகிற நிலத்தைப் பயிருக்கு வைத்துக்கொண்டு, நீர் தேங்குகிற ஓரத்தில் நட்டிருப்பார். நீர் தேங்கும் மண்ணில் ஆரம்பத்திலேயே கார்பன் அதிகம். நீங்கள் மரத்தின் வேலை என்று எண்ணி அளப்பது அந்தப் பள்ளத்தின் வேலையாக இருக்கலாம். களிமண் பங்கு, சரிவு, பழைய நிலப் பயன்பாடு எல்லாவற்றையும் பொருத்திப் பார்க்காமல் தோட்டங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. இருப்பை விட்டுவிட்டு ஓட்டத்தைப் பிடியுங்கள். கார்பன் மொத்த இருப்பு மாறப் பல ஆண்டு ஆகும். அது உள்ளே வரும் வேகமும் வெளியேறும் வேகமும் ஒரே பருவத்தில் பிடிபடும். எவ்வளவு இலை விழுகிறது, வலைப்பையில் வைத்த சருகு எத்தனை மாதத்தில் பாதியாகிறது, மண் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடை மூச்சாக விடுகிறது, இவையெல்லாம் ஓராண்டில் பேசக்கூடிய எண்கள். அதோடு ஐசோடோப்பும், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களும், கைகொடுக்கும். மரங்களும் கோதுமை போன்ற பயிர்களும் ஒளிச்சேர்க்கையில் சி3 வகை. மக்காச்சோளம் சி4 வகை. சற்றுக் கனமான கார்பன்-13 ஒரு பொதுத் தரத்தைவிட எவ்வளவு குறைவு என்று ஆயிரத்துக்கு இத்தனை பங்கு எனச் சொல்வார்கள்; அதில் முதல் வகை ஏறக்குறைய மைனஸ் 27, இரண்டாவது மைனஸ் 13 என்ற அளவில் நிற்கும். ஆகவே பல ஆண்டு மக்காச்சோளம் விளைந்த நிலத்தில் வில்லோ நட்டிருந்தால், மண்ணில் இருக்கும் கார்பனில் எவ்வளவு பழைய பயிரினுடையது, எவ்வளவு மரத்தினுடையது என்று பிரித்துச் சொல்லலாம். மொத்தம் கூடவில்லை என்றாலும், உள்ளே பழையது போய்ப் புதியது வந்துகொண்டிருக்கிறது என்று காட்டுவதே ஒரு அத்தியாயம். கோதுமை நிலத்தில் இந்த வித்தை பலிக்காது, இரண்டுமே சி3. நிலம் தேடும்போது இதை மனதில் வையுங்கள்.

அப்புறம், சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் கார்பன் அளக்கும் முன் அமிலம் விட்டுச் சுண்ணாம்பின் கார்பனை வெளியேற்ற வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆறு வருடம் மண்ணோடு இருந்தவருக்கு இதைச் சொல்வது சற்று அதிகப்பிரசங்கம்தான்.

புள்ளியியல் உதறலுக்கு வருகிறேன். உங்கள் திட்டத்தில், "ஒரு வில்லோ வயல், ஒரு பயிர் வயல், ஒவ்வொன்றிலும் 20 மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாதிரி எண்ணிக்கை 20 இல்லை, ஒன்று. ஒரே வயலில் இருபது குழி தோண்டினால் அந்த ஒரு வயலை நன்றாகத் தெரிந்துகொள்வீர்கள். வில்லோ வயல்களைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள மாட்டீர்கள். ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 1984-ல் இந்தத் தவறுக்குப் போலி ரெப்ளிகேஷன் என்று பெயர் வைத்து, அச்சான கட்டுரைகளிலேயே அது எவ்வளவு மலிந்திருக்கிறது என்று காட்டினார். நாற்பது ஆண்டு ஆகியும் தேர்வாளர்கள் ஆய்வேட்டில் முதலில் மோப்பம் பிடிப்பது இதைத்தான். ஒரு வயலில் இருபது குழிக்குப் பதில், பத்து வயலில் இரண்டிரண்டு குழி தோண்டுங்கள். உழைப்பு கிட்டத்தட்ட அதே, வண்டி ஓட்டம்தான் கூடும்.

பார்த்தீர்களா, இதில் கணக்கு எங்கே இருக்கிறது? எது தனி, எது தனியில்லை என்று யோசிக்கும் பொறுமைதான் தேவைப்பட்டது. நமக்கு வேண்டிய புள்ளியியலில் முக்கால் பங்கு இப்படித்தான். மீதிக் கால் பங்கை ஆர் (R) என்ற புள்ளியியல் கணினி மொழி பார்த்துக்கொள்ளும், அதை ஆறு மாதத்தில் பழகிவிடலாம். ஒரே ஒரு விதி: புள்ளியியல் தெரிந்தவரைத் தோண்டுவதற்கு முன் போய்ப் பாருங்கள். தோண்டி முடித்துத் தரவோடு போனால் அவரால் செய்ய முடிந்தது பிரேதப் பரிசோதனை மட்டும்தான்.

புதுப்பிக்கத்தக்க வளம் என்ற பெயரைப் பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் நேர்காணலில் கட்டாயம் இது வரும். காடு, மீன், நிலத்தடி நீர், மண் எல்லாம் புதுப்பிக்கத்தக்கவை என்று பட்டியல் ஒப்பிப்பவரை உடனே மடக்கிவிடுவார்கள். புதுப்பிப்பு என்பது பொருளின் குணம் இல்லை, அது ஒரு வேகம். எடுக்கும் வேகம் வளரும் வேகத்தைத் தாண்டினால் காடும் சுரங்கம்தான். 1713-லேயே இதை எழுதிவைத்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், சாக்சனியில் சுரங்க நிர்வாகி. உலைக்கு விறகு தீர்ந்துகொண்டிருந்தது, அதனால் காட்டைப் பற்றி யோசித்தார். நீடித்த பயன்பாடு என்று இன்று நாம் சொல்லும் சொல்லின் வேர் அவரிடம் இருக்கிறது. நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன் பல நூற்றாண்டு பிடிபட்ட மீன். மதிப்பீடுகளும் ஒதுக்கீடுகளும் எல்லாம் இருந்தன. 1992-ல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. மீன் எவ்வளவு இருக்கிறது என்ற மதிப்பீட்டிலேயே பிழை இருந்தால் அதன் மேல் கட்டிய ஒதுக்கீடு என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கடலே சாட்சி. உங்கள் வில்லோவையும் இதே கண்ணோடு பாருங்கள். எரித்தால் கார்பன் உடனே வெளியேறுகிறது. திரும்ப மரத்துக்குள் வர எத்தனை ஆண்டு? அந்த எண் இல்லாமல் பசுமை எரிபொருள் என்று எழுதிவிட்டால் வாய்மொழித் தேர்வில் வியர்க்கும்.

இது கலப்புத் துறை என்பதால் ஆய்வுக் குழுவில் அயல்துறைக்காரர் ஒருவராவது இருக்கட்டும். பொது வளங்களை மக்கள் தங்களுக்குள் விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டி 2009-ல் பொருளாதார நோபல் வாங்கிய எலினோர் ஆஸ்ட்ரம் அரசியல் அறிவியல் படித்தவர். வில்லோவை நட நில உரிமையாளர் ஏன் சம்மதிக்க வேண்டும் என்ற கேள்வி மண் வேதியியலில் கிடையாது. ஆனால் உங்கள் தோட்டங்கள் இருக்கும் இடத்தைத் தீர்மானித்தது அந்தக் கேள்விதான், இரண்டாவது வழியில் பார்த்தோமே.

இனி, எந்த இடம்?

பேரைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பேருள்ள குழுவில் கருவி இருக்கும், பணம் இருக்கும், நான்கு ஆண்டும் இருக்கிறது. செயற்கைக்கோள் வேலையில் நான் மேலே சொன்ன பருவச் சிக்கலும் பாதி தீர்ந்துவிடுகிறது. லேண்ட்சாட் வரிசை 1972-லிருந்து பூமியைப் படம் எடுக்கிறது. 2008-லிருந்து அந்தச் சேமிப்பு எல்லோருக்கும் இலவசம். சென்டினல்-2 பத்து மீட்டர் துல்லியத்தில் ஐந்து நாளுக்கொருமுறை அதே இடத்துக்குத் திரும்ப வருகிறது. மழை கெடுத்தது, உழுதுவிட்டார்கள் என்ற புலம்பல் இல்லை. மேகம்தான் ஒரே எதிரி. ஆனால் அந்தத் திட்டம் உங்களுடையது இல்லை. கேள்வி அவர்களுடையது, முறை அவர்களுடையது, நீங்கள் நான்காண்டு அதைச் செய்து கொடுப்பீர்கள். சிலருக்கு அதுவே சரியான பயிற்சி. உங்கள் கடிதத்தில் அந்தத் திட்டத்துக்கு மூன்று வரிதான், மண்ணுக்கு ஒரு முழுப் பக்கம். அதுவே எனக்குப் பதில் சொல்லிவிட்டது. மூன்றாவது ஆண்டின் நடுவில், எதுவும் ஓடாத மாதங்களில், ஆளை நாற்காலியில் உட்கார வைப்பது அந்த ஒரு பக்க ஆசைதான்.

ஆகவே என் ஓட்டு சிறிய குழுவுக்கு. கண்ணை மூடிக்கொண்டு அல்ல, மூன்று விஷயம் தெளிவானால். ஒன்று, பழைய மண்ணோ, குறைந்தபட்சம் வெவ்வேறு வயதுத் தோட்டங்களுக்குள் நுழையும் அனுமதியோ நெறியாளர் கையில் இருக்க வேண்டும். "பார்த்துக்கொள்ளலாம்" என்பது அனுமதி ஆகாது. இரண்டு, மூன்றாம் ஆண்டு முடிந்த மறுநாள் உங்கள் செலவுக்கு யார் பொறுப்பு? நீட்டிப்பு வழக்கமாகக் கிடைக்குமா, கற்பித்தல் உதவியாளர் வேலை உண்டா, இதற்கு முன் முடித்தவர்கள் உண்மையில் எத்தனை ஆண்டு எடுத்தார்கள்? கடைசிக் கேள்விக்கான பதிலைக் கையேட்டில் தேடாதீர்கள், ஆய்வேடுகளின் தேதிகளைப் பாருங்கள். மூன்று, கார்பனும் ஐசோடோப்பும் அளக்கும் செலவு எந்தக் கணக்கிலிருந்து வரும்? மாதிரி எடுப்பது உழைப்பு, அளப்பது பணம். குளிர்பெட்டி நிறைய மாதிரி வைத்துக்கொண்டு அளக்க வழியில்லாமல் நிற்கும் மாணவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

நெறியாளரிடம் பேசுவதைவிட அவருடைய மாணவர்களிடம் பேசுவது உபயோகம். இப்போது இருப்பவர் ஒருவர், முடித்துவிட்டுப் போனவர் ஒருவர், முடிந்தால் பாதியில் விட்டவர் ஒருவர். "அவர் நல்லவரா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். "கடைசியாகக் கொடுத்த அத்தியாயத்தைத் திருத்தித் தர எத்தனை நாள் எடுத்தார்?" என்று கேளுங்கள். "கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்பது எப்போது முடிவாகும்?" என்று கேளுங்கள். வேலை தொடங்கும் முன் என்றால் நல்ல குழு. முடிந்த பிறகு என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டிய குழு.

எங்கே சேர்ந்தாலும் ஒரு காப்பீடு செய்துகொள்ளுங்கள். களத் தரவையே நம்பியிராத ஒரு அத்தியாயம் இருக்கட்டும். அச்சான ஆய்வுகளின் எண்களைத் திரட்டி மறுபகுப்பாய்வு செய்யலாம், அல்லது மேலே சொன்ன இலவசப் படங்களைக் கொண்டு அந்த வட்டாரத்தில் எந்த நிலங்கள் எப்போது மரத்துக்கு மாறின என்று வரைபடம் போடலாம். வரைபடம் இரண்டாவது வழிக்கும் உதவும். முதல் ஆண்டிலேயே ஆரம்பித்துவிடலாம், வெள்ளம் வந்தாலும் அது அழியாது.

இன்னொன்று, சற்று விலகிச் சொல்கிறேன். ஹவாயில் உள்ள மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-ல் தொடங்கிய கார்பன் டை ஆக்சைடு அளவை நாம் எல்லோரும் வகுப்பில் போட்டுக் காட்டுகிறோம். காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கை ஒட்டித் தொடங்கி இன்று 420-ஐத் தாண்டிய கோடு. அதில் 1964-ன் தொடக்கத்தில் சில மாதங்கள் வெற்றிடம் இருக்கும். பணம் வெட்டப்பட்டதால் அளவை நின்றது. உலகின் மிகப் புகழ்பெற்ற சூழல் தரவுக்கே அந்தக் கதி. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் இடத்தின் ஆயத்தொலைவு, தேதி, ஆழம், எடுத்த முறை எல்லாம் எழுதி, மீதி மண்ணை உலர்த்தி ஒட்டி வைத்துவிட்டு வாருங்கள். பதினைந்து ஆண்டு கழித்து உங்களைப்போல் ஒருவர் வந்து பழைய மண் இருக்கிறதா என்று கேட்பார்.

வயது. 32-ல் தொடங்கினால் 36-ல் முடிப்பீர்கள். தொடங்காவிட்டாலும் 36 வரும். நேராக முதுகலையிலிருந்து வருகிறவரைவிட உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நீங்களே குறைத்து மதிப்பிட்டிருக்கிறீர்கள். லேபிளில் பென்சிலால் எழுத வேண்டும், மார்க்கர் மை ஈரத்தில் ஓடிவிடும் என்பது உங்கள் கைக்குத் தெரியும். வெற்று மாதிரி ஒன்றைக் கூடவே அனுப்பி ஆய்வகத்தைச் சோதிக்கத் தெரியும். புதிதாக வருகிறவருக்கு இதைக் கற்றுத்தர எனக்கு ஒரு பருவம் ஆகிறது. சிரமம் வேறு இடத்தில் வரும். ஆறு வருடமாகக் காலக்கெடுவுக்கு அறிக்கை கொடுத்துப் பழகியவருக்கு, எட்டு மாதம் ஒன்றுமே முடியாமல் இருப்பது தாங்காது. சம்பளம் குறைவதைவிட அது அதிகம் உறுத்தும். வீட்டில் இருப்பவர்களிடமும் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வேலையைப் பற்றிப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். பேராசிரியர் பணியிடங்கள் வெளிவரும் முனைவர்களின் எண்ணிக்கையைவிட மிகக் குறைவு. போஸ்ட்-டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) என்று ஒன்றிரண்டு ஊர் மாறத் தயாராக இருந்தால் அந்த வரிசையில் நில்லுங்கள். வெளியே பார்த்தால் மண் கார்பன் கணக்கைச் சரிபார்க்கும் நிறுவனங்கள், ஒரு பொருள் உருவாவது முதல் கழிவாவது வரையிலான சூழல் பாதிப்பைக் கணக்கிடும் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு செய்கிறவர்கள், ஒழுங்குமுறை அமைப்புகள், பெரிய காட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. கார்பன் கணக்கு சொல்லிப் பணம் கேட்பவர்கள் பெருகிவருகிறார்கள். அந்த 78-க்கும் 72-க்கும் இடையிலான ஆறு டன் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெரிந்தவர்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. உங்கள் இப்போதைய நிறுவனத்திலேயே ஒரு படி மேலே போவதுதான் நோக்கம் என்றால் பிஎச்.டி. வேண்டாம். அதற்கு ஒரு நல்ல புள்ளியியல் பயிற்சியும், பெயர் போட்ட இரண்டு அறிக்கையும் போதும். நான்கு வருடச் சம்பளம் மிச்சம்.

வேலையை எப்போது விடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உதவித்தொகைக் கடிதம் கையெழுத்தோடு கைக்கு வரும்வரை ராஜினாமா எழுத வேண்டாம். அதுவரை கிடைக்கும் வார இறுதிகளில், வில்லோ தோட்டம் ஏதாவது ஒன்றுக்குப் போய் ஒரே வயலில் பத்து இடத்தில் வளையம் இறக்கி அடர்த்தியை அளந்து பாருங்கள். பத்தும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று தெரிந்தால், அந்த 40 என்ற எண்ணை எதுவாக மாற்ற வேண்டும் என்பதை நேர்காணலுக்கு முன் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். அந்தக் கணக்கைத் திட்டத்தின் இரண்டாவது பக்கமாகச் சேர்த்து அனுப்புங்கள்.